மாப்பிள்ளை வீட்டு வரிசையில் பத்தாவது படம்

தென்காசியில் குழலி கலர் ஏற்றாத முகம் என்று ஒன்று இருந்தால், அந்த முகத்துக்காரர் இன்னும் ஒரு விசேஷமும் வைக்கவில்லை என்று அர்த்தம். காதுகுத்து, சடங்கு, கட்சிப் பதவி, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற நெல்லையப்பன் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடைக்கு வரவேண்டும். வந்த முகம் குழலியின் சிஸ்டம் வழியாகத்தான் வெளியே போகும். செத்தவருக்கும் இரண்டு சுற்று வெளுப்பு உண்டு. "அப்பா கொஞ்சம் மாநிறம், பாத்துச் செய்யுங்க" என்பார்கள் பிள்ளைகள். மாநிறம் என்பது கறுப்புக்கு இந்த ஊர் கொடுத்திருக்கிற மரியாதைப் பெயர்.

ஏழு வருஷமாக அவளுக்கு இதே வேலை. முதல் ஐந்தரை வருஷம் குற்றாலீஸ்வரன் என்ற பெயரில் பார்த்தாள். அதன்பிறகு குழல்வாய்மொழி. குற்றாலத்துச் சாமி பெயரிலிருந்து அம்மன் பெயருக்கு வந்திருக்கிறாள். "கோயில மாத்தல, சன்னிதியத்தான் மாத்திருக்கு" என்று அண்ணாச்சி வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். அவர் அவளை வேலையில் வைத்திருந்ததற்குக் காரணம் புரட்சி மனப்பான்மை அல்ல. அவளைப் போல் தொப்பையைக் கரைத்து, சட்டைப் பொத்தான் வரிசை கோணாமல் வைக்கிற டிசைனர் செங்கோட்டை வரைக்கும் தேடினாலும் கிடையாது.

ஆடி கடைசியில் ஒரு மத்தியானம் அவள் அப்பா கடைக்கு வந்தார். உச்சிமாகாளி, காவல் சார்பு ஆய்வாளர், ஓய்வு. அவள் மேலகரத்து வீட்டைவிட்டு இலஞ்சியில் வாடகை அறைக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவளோடு பேச்சு கிடையாது. இப்போது அவளுக்கு மூன்றடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அவள் தலைக்கு மேலாக அண்ணாச்சியைப் பார்த்துப் பேசினார்.

"இளையவளுக்கு ஆவணி முதல் முகூர்த்தம். குத்தாலத்துல மண்டபம். வாசலுக்கு இருவதுக்குப் பத்து ஒண்ணு வேணும்."

"செஞ்சிருவோம் சார். பிள்ளைட்டயே சொல்லுங்களேன், அதுதான டிசைனு?"

"நான் ஓனர்ட்டதான் பேசுவேன்."

"சரி சார். குழலி, சாரு இருவதுக்குப் பத்துங்காவ."

"கேட்டுச்சு அண்ணாச்சி."

"கேட்டுச்சாம் சார்."

அப்பா ஒரு பழைய படத்தை மேஜையில் வைத்தார். யூனிஃபார்மில் விறைப்பாக நின்றிருந்தார். "தோள்ல ரெண்டு ஸ்டார் இருக்கும். மூணாவதா ஒண்ணு..." என்று நிறுத்தினார்.

"இன்ஸ்பெக்டர் ஆக்கணுமான்னு கேளுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி கேட்கவில்லை. அப்பாவே பதில் சொன்னார், அண்ணாச்சியிடம். "வர வேண்டிய ப்ரமோஷன்தான். ஃபைலு மேல போய்ப் படுத்துக்கிட்டு. அத வாரவன் போறவன்ட்டல்லாம் விளக்கிட்டு இருக்க முடியுமா?"

"வேண்டாம் சார். படுத்த ஃபைல நம்ம எழுப்பிருவோம்."

அடுத்து அப்பா சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பிளஸ் டூ ஹால் டிக்கெட். மூலையில் பதினேழு வயதுக் குற்றாலீஸ்வரன், எண்ணெய் வழிய, யாரோ மிரட்டி உட்காரவைத்த மாதிரி இருந்தான்.

"இது மூத்தவன். ராணுவத்துல இருக்கான். காஷ்மீர். லீவு கெடைக்கல. மாப்பிள்ள வீட்டுல அப்படித்தான் சொல்லிருக்கு. இத கொஞ்சம் வளக்கணும். தோளு அகலமா. மீச கண்டிப்பா வேணும்."

அண்ணாச்சி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். குழலியைப் பார்த்தார். இந்தத் தடவை சேதியைக் கடத்தாமல் பில் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி," என்றாள் குழலி. "மூத்த மகளுக்குப் படம் கிடையாதான்னு கேளுங்க."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றார் அப்பா சுவரில் இருந்த விலைப்பட்டியலிடம். "ஒருத்தன் காஷ்மீர்ல. ஒருத்தி மணவறைல." எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போனார்.

வெளியூர்க்காரர்கள் ஃப்ளெக்ஸ் என்றால் ஏதோ அலங்காரம் என்று நினைப்பார்கள். இந்தப் பக்கத்தில் அதுதான் குடும்பத்தின் ரேஷன் கார்டு. அதில் பெயரும் முகமும் இல்லாதவர் குடும்பத்தில் இல்லாதவர். போன வருஷம் பண்பொழியில் ஒரு சித்தப்பா படம் விட்டுப்போனது. மனுஷர் தாலி கட்டுகிற நேரத்துக்குப் பஸ் ஏறிவிட்டார், இன்றுவரைக்கும் போக்குவரத்து கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் போய்ச்சேர்ந்த அம்மாவுக்குக்கூட வலது மேல் மூலையில் குத்துவிளக்கோடு இடம் ஒதுக்கியாகிவிட்டது. இருநூறு சதுர அடியில் குழலிக்கு ஒரு சாண் இல்லை. அவள் கேட்டது அவ்வளவுதான்: ஒரு சாண், அதில் அவள் முகம், கீழே 'மணமகளின் அக்காள்' என்று ஒரு வரி.

சாயங்காலம் தங்கச்சி மாரிச்செல்வி போன் பண்ணினாள். "யக்கா, நீ ஒரு படம் அனுப்பு. அப்பாட்ட நான் பேசுதேன். நல்ல படமா அனுப்பு என்ன?"

"நல்ல படம்னா?"

"அதான்... ஆப்புல போட்டு என்னமோ பண்ணுவல்லா. அதுல ஒண்ணு."

ஆப் விஷயம் மாரிக்கு மட்டும் தெரியும். ஹார்மோன் மாத்திரை சாப்பிட ஆரம்பித்த புதிதில் கண்ணாடி மரியாதை இல்லாமல் நடந்துகொண்டது. எந்த மாற்றத்தையும் காட்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்போதுதான் போனில் அந்த ஆப்பை இறக்கினாள். படத்தைப் போட்டு, 'பெண்' என்ற பொத்தானை அமுக்கினால் இரண்டு விநாடி. முதல் தடவை பார்த்தபோது இலஞ்சி பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதிருக்கிறாள். இரண்டு பஸ் போனது தெரியாமல் நின்றிருக்கிறாள். அது பொய் இல்லை.

ஆனால் நூறு தடவை அமுக்கிய பிறகு தொழில்காரிக்குச் சந்தேகம் வந்தது. வந்தவள் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தாள். சோதிக்கிறதுக்காக அண்ணாச்சியின் படத்தைப் போட்டு அமுக்கினாள். அவளே வந்தாள். கைபேசியில் இருந்த அப்பாவின் படத்தைப் போட்டாள். அதிலும் அவளேதான், கொஞ்சம் முறைப்போடு. மூன்று பேரும் ஒரு வயிற்றில் பிறந்த அக்கா தங்கச்சிகள் மாதிரி, வெளேரென்று, கூர்மூக்கோடு, தென்காசி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத முகத்தோடு சிரித்தார்கள்.

கலரைக் குறைத்துப் பார்த்தாள். தன் நிறத்துக்குக் கொண்டுவர இழுக்க இழுக்க, கன்னத்தில் தாடி நிழலும் சேர்ந்து திரும்பி வந்தது. தாடியைத் துடைத்தால் நிறமும் ஓடியது. ஆப்பின் அகராதியில் கறுத்த பெண் என்று ஒருத்தி இல்லவே இல்லை. ஒன்று வெளுத்துப் பெண்ணாக இரு, இல்லை கறுத்து ஆணாக இரு என்று இரண்டே வழி வைத்திருந்தான், எந்த ஊரிலோ உட்கார்ந்து அதை எழுதிய புண்ணியவான். மூக்கை அவன் விசாரிக்கவே இல்லை. எடுத்த எடுப்பில் வெட்டினான். கண்ணை மட்டும் தொடாமல் விட்டிருந்தான்.

இதை யாரிடம் போய் முறையிடுவது? ஏழு வருஷமாக இந்தத் தாலுகாவுக்கு அவளே அந்த ஆப்பாகத்தான் இருந்திருக்கிறாள்.

கடையின் பின்பக்கம் வெளிச்சத்தில் நின்று சாதாரணமாக ஒன்று எடுத்துப் பார்த்தாள். தாடை இருந்தது. முடி எடுக்கிற லேசர் இரண்டு தடவைதான் முடிந்திருந்ததால் மேலுதட்டுக்கு மேல் லேசான சாம்பல் இருந்தது. கண் நன்றாக இருந்தது. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தப் படத்தை அழித்துவிட்டு ஆப் கொடுத்ததையே அனுப்பினாள்.

"யக்கா! ஹீரோயின் கணக்கா இருக்க!" என்று மாரியிடமிருந்து பதில் வந்தது. ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று: "நீதான?"

மூன்றாம் நாள் அப்பா கடை நம்பருக்குப் படங்களை அனுப்பினார். கூடவே கட்டளை: மாப்பிள்ளை வீட்டு வரிசை, பத்து படம், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. மாப்பிள்ளை வீடு திருவேங்கடம் பக்கம். மகன் விவகாரம் அவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்காது என்பதற்காகவே பார்த்த இடம். முறுக்கிய மீசை, மூக்குத்தி, கூலிங் கிளாஸ் என்று ஒன்பது படம் போயிற்று. பத்தாவதாக, ஆப்பில் வந்த அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழலி போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். "ஏட்டி, என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

"பயமா இருந்துச்சுக்கா," என்றாள் மாரி. "மாப்பிள்ள வீட்டுப் படத்தோட சேத்து அனுப்பிட்டேன். பாத்துட்டு இது யாருன்னு கேப்பாவ, அப்ப சொல்லுவம்னு இருந்தேன். கேக்கவே இல்ல. ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்துட்டு, 'கடைசில இருக்க பிள்ள நல்ல லெச்சணம்'னாவ. அதுக்குமேல எனக்கு வாய் வரல."

"லெச்சணம்னாவளா?"

"ஆமாக்கா."

சொல்லியிருக்கலாம். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை போதும், பத்தாவது படம் வெளியே போயிருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்து அப்பா வாயால் அவள் கேளாத சொல் அது. திருட்டு டிக்கெட்டில் ஏறினாலும் பஸ் குற்றாலம்தானே போகிறது என்று நினைத்து, மாப்பிள்ளை வீட்டு வரிசையின் கடைசியில் அவளை உட்காரவைத்தாள்.

பிறகு பட்டாளத்துக்காரனைச் செய்ய உட்கார்ந்தாள். தினமும் எந்தத் தாடையைக் குறைக்கப் பாடுபடுகிறாளோ அதையே இன்று அகலப்படுத்த வேண்டியிருந்தது. தோளுக்கு ஒரு கபடி வீரரின் தோளை எடுத்தாள். மீசைக்கு அப்பாவின் பழைய படத்திலிருந்து அப்பா மீசையையே வெட்டி ஒட்டினாள். முக்கால் மணி நேரத்தில் ஆள் எழுந்து நின்றுவிட்டான். தன்னைப் பெண்ணாக்க பதினாலு மாதமாக மாத்திரையும் லேசரும் பஸ் செலவுமாக அலைகிறாள். அவளை ஆணாக்க நாற்பத்தைந்து நிமிஷம் போதுமாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. அதைவிட ஆறாதது, அவன் நன்றாகவும் இருந்தான்.

"சவத்தெழவு," என்று சேவ் பண்ணினாள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மண்டபத்தில் பந்தக்கால் நட்டார்கள். குற்றாலத்தில் சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸ் கட்ட ஆள் குறைச்சல் என்று அண்ணாச்சி குழலியையும் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். சவுக்குக் கம்பில் இரண்டு பேர் ஏறி மேலே முடிச்சுப் போட, அவள் கீழே கயிற்றைப் பிடித்து நின்றாள். தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. அந்தக் கோலத்தில் அவளை அவளே அடையாளம் கண்டிருக்கமாட்டாள்.

சமையல்கட்டைப் பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று படங்களை எண்ணினார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா வல்லிநாயகம், அவர் மனைவி இராமலட்சுமி. தாங்கள் அனுப்பியதில் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றதும் இருவருக்கும் முகம் மலர்ந்தது.

"சார் இன்ஸ்பெக்டர்ன்னு யாரும் சொல்லவே இல்லயே," என்றார் வல்லிநாயகம்.

"நம்ம வாயால சொல்லிக்கிட முடியுமா?" என்றார் அப்பா.

"மகன் ஜம்முனு இருக்காரு. மீசையும் அதுவும்! பொண்ணு பாக்கியளா?"

"பாக்கணும். லீவுல வரட்டும்."

வல்லிநாயகம் குடையை மடக்கி, அதன் நுனியால் ஃப்ளெக்ஸின் மறுகோடியைக் காட்டினார். "அந்தா, பத்தாவதா செவப்பா ஒரு பிள்ள இருக்கே. அதுக்கும் இவருக்கும் அப்படி ஒரு பொருத்தம். உத்துப் பாருங்க. கண்ணு ரெண்டு பேருக்கும் அச்சு ஒண்ணுபோல இல்ல?"

அப்பா உற்றுப் பார்த்தார். "ஆமா. நல்ல லெச்சணமான பிள்ள. நானே நெனச்சேன். உங்க வீட்டுப் பிள்ளைன்னா எனக்கு யோசன என்ன இருக்கு? தாராளமாப் பேசுவோம்."

குழலியின் கையில் கயிறு வழுக்கியது. அவளை அவளுக்கே கட்டிக்கொடுக்க அப்பாவுக்கு மூன்று விநாடி ஆகியிருந்தது.

"எங்க வீட்டுப் பிள்ளையா?" என்றாள் இராமலட்சுமி. "எங்கள்ல அப்படி யாரும் இல்லயே சார். உங்க பக்கத்துப் பிள்ளைன்னுல்லா நாங்க நெனச்சோம். மரியாதைக்கு எங்க வரிசைல வச்சிருக்கியன்னு இவுகட்ட சொல்லிட்டே வந்தேன்."

"எங்க பக்கமா?"

"பின்ன?"

அப்பா மறுபடியும் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். மீசைக்காரனின் கண்ணைப் பார்த்தார். பத்தாவது படத்தின் கண்ணைப் பார்த்தார். பிறகு, கயிறு வழுக்கிய இடத்தைப் பார்த்தார். பிளாஸ்டிக் பைக்குக் கீழே அதே கண். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் அவர் துப்புத் துலக்கிய வழக்குகள் அதிகமில்லை. இது துலங்கியது.

"அது..." என்றார். விரலை ஃப்ளெக்ஸை நோக்கி நீட்டினார். "எங்க பிள்ளைதான். எடம் மாறி விழுந்துட்டு."

"அப்ப இன்னும் சவுரியமாப் போச்சே!" என்றார் வல்லிநாயகம். "சொந்தத்துக்குள்ள முடிச்சிருவோம். முறைப்பொண்ணா?"

"முறை வராது."

"ஏன் வராது?"

அப்பாவுக்குத் தப்பிக்க வேறு வாசல் இல்லை. "கூடப் பொறந்தது. அவனுக்கு நேர் இளையது."

"உங்களுக்கு ரெண்டு பிள்ளைன்னுல்லா சொன்னிய?" என்றாள் இராமலட்சுமி. கணக்கில் அவள் கெட்டி.

"இது சென்னைல படிக்கு. சின்னதுலருந்தே அங்கனதான், சொந்தக்காரங்க வீட்டுல. அதனால கணக்குல விட்டுப்போவும்."

"பெத்த பிள்ள கணக்குல விட்டுப்போவுமா? நல்ல கதையா இருக்கு. கல்யாணத்துக்கு வருவால்லா?"

"வராம?"

"அப்ப சரி. எங்க அக்கா மவன் பரமேஸ்வரன் இருக்கான், இஞ்சினீயரு. ஜாதகத்தக் கொண்டாந்துருதேன். பிள்ளைய நேர்ல பாத்துட்டா போதும்."

காலையில் இரண்டாக இருந்த உச்சிமாகாளியின் பிள்ளைகள் மத்தியானத்துக்குள் மூன்றாகிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் கிடையவே கிடையாது. 'எங்க பிள்ளைதான்' என்ற சொல்லைக் குழலி கேட்டாள். பதினாலு மாதமாகக் காத்திருந்த சொல். அதைச் சொன்னபோது அப்பாவின் விரல் ஃப்ளெக்ஸைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே அவர் கடைக்கு வந்தார். தூது போக எழுந்த அண்ணாச்சியைப் பார்த்து, "நீங்க இருங்க," என்றார். நேராகச் சிஸ்டம் பக்கம் வந்து, குழலிக்கும் திரைக்கும் நடுவில் ஒரு இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணத்துக்கு வரணும்."

"வாரேன்."

"அந்தப் படத்துல இருக்க மாதிரி வரணும்."

குழலி நாற்காலியைத் திருப்பினாள். "எப்படி?"

"அதுக்கெல்லாம் ஆளு இருக்கு. ஐந்தருவி ரோட்டுல பார்லர் வச்சிருக்காவ, ஜெயசித்ரான்னு. மாரிக்கும் அவங்கதான். சொல்லியாச்சு. என்ன பண்ணணுமோ பண்ணச் சொல்லு."

"மூக்க என்ன பண்ணட்டும்?"

"என்ன?"

"படத்துல இருக்க மூக்கு எனக்குக் கெடையாது. எனக்கு இருக்கது உங்க மூக்கு."

அப்பா தன்னை அறியாமல் மூக்கைத் தொட்டுக்கொண்டார். "அதெல்லாம் பவுடர்ல மறையும்ங்காவ."

"நாலு பேருக்கு முன்னால நான் வந்து நிக்கது ஒங்களுக்குப் பிரச்சன இல்ல. கறுப்பா வந்து நிக்கதுதான் பிரச்சனையா?"

"அவங்க அந்தப் படத்தப் பாத்துட்டாங்க. இப்ப வேற ஆளு வந்து நின்னா என்ன நெனப்பாங்க? ஏமாத்துனேன்னுல்லா நெனப்பாங்க!"

"மூணாவது ஸ்டாரப் பாத்து நெனக்கலயே."

அண்ணாச்சிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்பா வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார். "எல்லாத்தையும் மாத்திக்கிட்ட. இந்த வாயி மட்டும் அப்படியே இருக்கு."

அவர் போன பிறகு குழலிக்கு வேலை ஓடவில்லை. இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டது அந்த முகத்துக்குத்தானே? இப்போது வீட்டிலேயே உத்தரவு போடுகிறார்கள், செலவும் அவர்களுடையது. சந்தோஷம் வரவேண்டும். எரிச்சல்தான் வந்தது. ஆறுமணி பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு போகும்போதும் எரிந்தது, சோறு பொங்கும்போதும் எரிந்தது. அப்பா மீதா, ஆப் மீதா, அதை அனுப்பிய தன் மீதா என்று பிரித்துப் பார்க்க முடியாத எரிச்சல்.

முகூர்த்தத்தன்று விடிகாலையில் மணமகள் அறையில் ஜெயசித்ரா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, போனில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்த ரேஞ்சு வரணும்னா பிள்ள, ரெண்டு மணி நேரம் ஆவும். அப்பவும் கேரண்டி கெடையாது."

"பண்ணுங்க."

முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு, கழுத்து வரைக்கும் மூன்றாம் பூச்சு. மூக்கின் இருபுறமும் பழுப்பில் கோடு இழுத்துத் தேய்த்தாள். "இப்பப் பாரு," என்று கண்ணாடியைத் திருப்பினாள். குழலி பார்த்தாள். ஆப்பில் வந்தவள் அங்கே இல்லை. வேறு யாரோ இருந்தாள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான். சாம்பல் பூத்த வெள்ளையில், கண் மட்டும் உயிரோடு. கண்ணீர் அஞ்சலிக்கு வருகிற தாத்தாக்களுக்கெல்லாம் அவள் இரண்டு சுற்று ஏற்றி அனுப்புவாளே, அந்த முகம்.

"யக்கா, பேய் மாதிரி இருக்க," என்றாள் மாரி. பக்கத்து நாற்காலியில் அவளும் அதே வெள்ளையில்தான் இருந்தாள்.

குழலி எழுந்து குழாயடிக்குப் போனாள். மூன்று பூச்சும் போகக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினாள். வந்து மையை மட்டும் தானே இட்டுக்கொண்டாள். பொட்டு வைத்தாள். அரக்கு நிறப் பட்டு, தலையில் பிச்சிப்பூ. ஜெயசித்ரா, "எம் பேரச் சொல்லிராத தாயி," என்று பெட்டியை மூடினாள்.

வாசலில் அப்பா வரவேற்பில் நின்றிருந்தார். குழலி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். கூட்டம் வந்துகொண்டிருந்ததால் கும்பிட்ட கையை இறக்கவும் முடியவில்லை, வையவும் முடியவில்லை.

இராமலட்சுமி வந்தாள். "எங்க சார் ஒங்க மூத்த பொண்ணு? பரமேஸ்வரன் அம்ம காலைலருந்து தேடுதா."

"வந்துட்டு இருக்கா," என்றார் அப்பா.

"வந்தாச்சு அத்தை," என்றாள் குழலி. "நான்தான்."

இராமலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். வாசல் வழியாக ஃப்ளெக்ஸை எட்டிப் பார்த்தாள். "போ பிள்ள, வெளாடாத. அவ செவத்தவல்லா?" சந்தனத்தை எடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டு அப்பாவிடம், "வந்ததும் சொல்லிவிடுங்க," என்று உள்ளே போனாள்.

முகூர்த்தத்துக்குள் இதே பேச்சு ஐந்து தடவை நடந்தது. வந்துட்டு இருக்கா என்று அப்பாவும், வந்தாச்சு என்று குழலியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கேட்ட மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேரும் அப்பாவைத்தான் நம்பினார்கள். காஷ்மீர்க்காரனைப் பற்றி ஒருவரும் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்கவில்லை. "பாவம், லீவு தரமாட்டானுவ" என்று அவனுக்காக இரண்டு பேர் வருத்தப்படவும் செய்தார்கள். இல்லாதவனுக்கு ஒரு மீசை போதுமாக இருந்தது. இருக்கிறவளிடம்தான் ஆளாளுக்குச் சாட்சி கேட்டார்கள்.

தாலி ஏறியது. அட்சதை விழுந்தது. போட்டோகிராபர் மேடையில் நின்று கையைத் தட்டினான். "பொண்ணு வீட்டு ஃபேமிலி மட்டும் மேல வாங்க! ஃபேமிலி மட்டும்!"

சித்தப்பா குடும்பம் ஏறியது. அப்பா ஏறினார். குழலி கீழே கிண்ணத்தோடு நின்றாள். மாலைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி மாரி கத்தினாள், நாதஸ்வரம் நின்றிருந்த நேரம் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "யக்கா! உன்னத்தான்! ஏறி வா!"

முந்நூறு தலை திரும்பியது. குழலி கிண்ணத்தை யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள்.

"மேடம், நீங்க எந்தப் பக்கம்?" என்றான் போட்டோகிராபர். அவளிடமிருந்து பதிலுக்குக் காத்திராமல், "சார், இவங்க ஃபேமிலியா?"

முன்வரிசையில் இராமலட்சுமி தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்திருந்தாள். வல்லிநாயகம் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தார். அப்பா கேமராவைப் பார்த்து, அணிவகுப்பில் டி.ஐ.ஜி. எதிரே நிற்கிற மாதிரி நின்றார். மாரி மாலையை இறக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல், பொதுவாகச் சிரித்துவைத்தார்.

"ஃபேமிலிதான்," என்றார் அப்பா. "மூத்தவ. பின்னால நிக்கட்டும்."

முன்வரிசையில் டம்ளர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. இராமலட்சுமி எழுந்தே நின்றுவிட்டாள்.

குழலி பின்னால் போய், அப்பாவுக்கு நேர் பின்னே நின்றாள். ஆனால் ஐந்தடி பத்தங்குலத்தை எந்தப் பின்னால் நிறுத்தி மறைப்பது? சித்தப்பா, சித்தி, அவர்கள் மக்கள், மணமக்கள், அப்பா என்று எல்லார் தலைக்கும் மேலே அவள் முகம் முழுசாக நின்றது.

"ஒன், டூ..." என்றான் போட்டோகிராபர். திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "சார் கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு."

இரண்டாவதிலும் அப்பா கண்ணை மூடியிருந்தார். மூன்றாவதிலும்.

"சார், கண்ணத் திறந்து கேமராவப் பாருங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி அண்ணாந்து அவளைப் பார்த்தார். பதினாலு மாதத்தில் அவர் அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"கொஞ்சம் குனி," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாட்டேன்," என்றாள் குழலி.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃப்ளாஷ் அடித்தது.